ஊழியர் இடர் மேலாண்மைச் சேவை: மார்க் போடும் பகுதியை அணைத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டோம்

ஊழியர்களால் வரும் ஆபத்துகளைக் கண்டுபிடித்துக் குறைத்துத் தருகிறோம் என்று விற்கப்படும் வருடச் சந்தா சேவை ஒன்றை எங்கள் கம்பெனியில் ஒரு வருஷத்துக்கும் மேலாக வைத்திருக்கிறோம். எங்களுடையது உதிரிபாக விநியோகம். பெரிய குடோன், அதை ஒட்டி ஆபீஸ், டெலிவரி வண்டிகள், வேலைக்குத் தக்கபடி கூடிக் குறையும் காண்ட்ராக்ட் ஆட்கள். அட்மினும் ஹெச்ஆரும் (ஊழியர் விவகாரம்) என் தலையில் என்பதால் இந்தச் சேவையோடு தினமும் மல்லுக்கட்டுவது நான்தான். யாருடைய சேவை என்று சொல்லப் போவதில்லை. குறைகள் நிறையச் சொல்ல இருக்கிறது. தவிர, இதே சரக்கை வேறு வேறு பெயரில் பலர் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வாங்குகிறவர்களுக்கு அதுவே போதும்.

முதலில் ஒரு ஆலோசகர் நேரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தருவார். அதன்பிறகு மென்பொருள். அதில் விபத்துப் பதிவு, பெயர் சொல்லாமல் புகார் தரும் வழி, வேலைக்குச் சேரும்போதும் விலகும்போதும் செய்ய வேண்டியவற்றின் பட்டியல், பயிற்சி வீடியோக்கள் எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டேஷ்போர்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு ரிஸ்க் மார்க், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம்.

டெமோ கொடுக்க வந்த பையன் முக்கால்வாசி நேரம் அந்த வட்டங்களைத்தான் காட்டினான். "மேடம், யார் எப்போ பிரச்சினை பண்ணுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றான். முதலாளிக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அப்போதே உறுத்தல்தான். ஆனால் வாங்க வேண்டிய காரணங்களும் இருந்தன. கணக்குப் பிரிவில் ஒரே ஆளிடம் எல்லாம் குவிந்திருக்கிறது என்று ஆடிட்டர் எழுத்தில் கொடுத்திருந்தார். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஒருவரை உரசிக்கொண்டு போனது. ஊழியர் மோசடிக்கான காப்பீட்டைப் புதுப்பிக்கப் போனால், என்னென்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நீளமான படிவம் நீட்டினார்கள். வாங்கினோம்.

இந்தச் சேவையில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது அந்த ஆலோசகர்தான். முன்னாள் உள்தணிக்கைக்காரர். வந்ததும் டேஷ்போர்டைத் திறக்கவில்லை, யாரைப் பற்றியும் விசாரிக்கவில்லை. குடோன் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இந்தச் சாவி ராத்திரி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டார். வாட்ச்மேனிடம் ஒன்று, ஸ்டோர்ஸ் அண்ணனிடம் ஒன்று. "மூணாவது?" என்றார். மூன்றாவது இருக்கிறதா என்றே எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போன ஒரு சூப்பர்வைசரிடம் ஒன்று இருந்தது பிறகு தெரிந்தது. அவர் பாவம், கேட்டதும் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கேட்க ஆளில்லாததால் அவரிடமே கிடந்திருக்கிறது.

அடுத்து கணக்குப் பிரிவு. எங்கள் சீனியர் ஒருவர்தான் புது சப்ளையர் பெயரை சிஸ்டத்தில் ஏற்றுவார், பில்லை என்ட்ரி போடுவார், பேங்க் போர்ட்டலில் பேமென்ட் அப்லோடு செய்வார், மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோடு சரிபார்ப்பதும் அவரே. ஆலோசகர் இதை ஒரு தாளில் நான்கு கட்டமாக வரைந்து, நான்கிலும் அவர் பெயரையே எழுதி, அவர் முன்னாலேயே வைத்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார், என்னைத் திருடன்னு சொல்றீங்களா? இத்தனை வருஷம் இங்க உழைச்சிருக்கேன்."

"இல்ல சார். நாளைக்குக் கணக்குல ஒரு பெரிய தொகை இடிச்சுதுன்னா போலீஸ் முதல்ல யார் வீட்டுக்கு வரும்? நீங்க எதுவும் பண்ணலன்னு நிரூபிக்க உங்ககிட்ட என்ன இருக்கு?"

சீனியர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேனாவை எடுத்து, சரிபார்க்கும் கட்டத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு ஜூனியர் பெண்ணின் பெயரை எழுதினார். அந்த வேலையைக் கைமாற்றியதில் எங்களுக்கு ஒரு பைசா கூடச் செலவு இல்லை.

அன்று ஆலோசகர் சொன்னது பேரிங்ஸ் வங்கியின் கதை. 1762-இல் தொடங்கிய லண்டன் வங்கி. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்பவர் சந்தையில் வாங்கி விற்கும் வேலையையும், அந்தக் கணக்கை முடித்துச் சரிபார்க்கும் பின்னணி வேலையையும் சேர்த்தே கையில் வைத்திருந்தார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்துக்கொண்டே வந்தார். 1995-இல் வெடித்தபோது நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. 233 வருஷ வங்கியை ஐஎன்ஜி நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு, கடன்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. லீசனின் குணத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆலோசகருக்கு அதில் ஆர்வமே இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒளிக்க முடிந்திருக்கும் என்பதுதான் அவர் கவலை. டொனால்டு கிரெஸி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர் பணம் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்ததுதான் மோசடி முக்கோணம் என்கிற கருத்து. வெளியே சொல்ல முடியாத நெருக்கடி, வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நியாயம் என்று மூன்று. யாருக்கு வீட்டில் என்ன நெருக்கடி என்று முதலாளி துருவிக்கொண்டிருக்க முடியாது, துருவவும் கூடாது. நம் கையில் நேராக இருப்பது வாய்ப்பு ஒன்றுதான்.

கட்டாய விடுப்பும் அவர் சொல்லித்தான் வந்தது. பல வங்கிகளில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து லீவில் போயாக வேண்டும். அந்த நேரம் அவர் வேலையை இன்னொருவர் பார்ப்பார். மூடி வைத்த விஷயம் ஏதாவது இருந்தால் அப்போது வெளியே வந்துவிடும். 2008-இல் பிரான்ஸின் சொசைட்டே ஜெனரல் வங்கிக்கு, அங்கே சந்தையில் வாங்கி விற்கும் வேலையில் இருந்த ஜெரோம் கெர்வியல் விவகாரத்தில் 490 கோடி யூரோ நஷ்டம் வந்தபோது, அவர் லீவே போடாமல் தவிர்த்து வந்ததும் பேசப்பட்டது. எங்கள் அளவில் இரண்டு வாரம் கட்டாது; ஒரு வாரம் என்று வைத்தோம். முதல் ஆளாகப் போனவர் அதே சீனியர்தான். பல வருஷமாக லீவே எடுக்காத மனுஷன். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. அந்த வாரம் ஜூனியர் பெண் கண்டுபிடித்தது திருட்டு எதுவும் இல்லை. ஒரே சப்ளையர் இரண்டு பெயரில் ஏறியிருந்து, ஒரு பில்லுக்கு இருமுறை பணம் போயிருந்தது. அந்தப் பணம் திரும்பி வந்தது.

இனி மென்பொருள். வேலை விட்டுப் போகிறவர்களுக்கான பட்டியலுக்கு முழு மார்க் கொடுப்பேன். ராஜினாமாத் தேதியைப் போட்டவுடன் ஐடி, ஸ்டோர்ஸ், கணக்கு, வண்டிப் பிரிவு எல்லோருக்கும் தனித்தனியாக வேலை போய்விழும். கடைசி நாளுக்குள் முடிக்காவிட்டால் எனக்குத் தகவல் வரும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 நவம்பரில் நடந்ததைச் சொல்லலாம். ட்விட்டரின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் கடைசி நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அமெரிக்க அதிபரின் கணக்கையே முடக்கினார். 11 நிமிடம் அந்தக் கணக்கு இல்லாமல் போயிருந்தது. விடைபெறும் நாள் வரைக்கும் அவ்வளவு பெரிய அதிகாரம் அவர் லாகினில் இருந்திருக்கிறது.

ஆனால் அவர்கள் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பியிருந்தால் நாங்கள் ஓட்டை வாளிதான். லேப்டாப், ஐடி கார்டு, இமெயில் என்று பெரிய ஆபீஸுக்கு எழுதிய பட்டியல் அது. எங்கள் உண்மையான ஓட்டைகளைச் சேர்த்தது நாங்களே. கூரியர் போர்ட்டலுக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. குடோன் கேமராவை மொபைலில் பார்க்கும் ஆப். டிரைவர்களின் வாட்ஸாப் குரூப்பில் அட்மின் யார்? பேங்க் ஓடிபி யாருடைய நம்பருக்கு வருகிறது? டீசல் கார்டின் பின் நம்பர்? இப்படி வரிகளைச் சேர்க்க மென்பொருள் விடுகிறது என்பது ஒரு நல்ல விஷயம். சேர்க்க வேண்டும் என்று எங்கும் சொல்வதில்லை.

இதோடு வந்த பயிற்சி வீடியோவில் ஒரு அறிவுரை: ராஜினாமாக் கடிதம் கொடுத்த நிமிடமே எல்லா லாகினையும் அடைத்து, செக்யூரிட்டியோடு வாசல் வரை அனுப்பிவிட வேண்டுமாம். யாராக இருந்தாலும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பணம், சர்வர் இரண்டையும் தொடுகிற அதிகாரத்தை அன்றே எடுத்துவிடலாம், அதில் தப்பில்லை. ஆனால் பத்து வருஷம் பேலட் அடுக்கியவரைக் குற்றவாளி மாதிரி நடத்தி அனுப்பினால், இருக்கிற மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? நாளைக்கு ஒரு தப்பைக் கண்டால் எங்களிடம் வந்து சொல்ல யாருக்கு மனசு வரும்?

சொல்ல மனசு வரவேண்டும் என்று நான் நினைப்பதற்குக் கணக்கும் இருக்கிறது. மோசடித் தணிக்கையாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏசிஎஃப்இ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. 2024 அறிக்கைப்படி, ஆய்வில் வந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் சொன்ன தகவலால்தான் பிடிபட்டவை. வேறெந்த வழியும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. தகவல் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். பிடிபடும் முன் ஒரு மோசடி சாதாரணமாக 12 மாதம் ஓடியிருக்கிறது. ஆக, எந்த மென்பொருளையும்விட உங்கள் ஊழியரின் வாய்தான் பெரிய காவல்.

புகார் வழியை இந்தச் சேவையில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். போனில் சொல்லலாம், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து எழுதலாம், குரலில் பதிந்தும் அனுப்பலாம். ஒரு எண்ணும் ரகசியச் சொல்லும் தருவார்கள். புகார் தந்தவர் பெயர் சொல்லாமலே திரும்பவும் உள்ளே வந்து, நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லலாம். மொட்டைக் கடுதாசியில் முடியாதது இது. கியூஆர் போஸ்டரை ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். அதற்கு நேர் எதிரே சூப்பர்வைசர் மேஜை, மேலே கேமரா. அங்கே போய் எவன் ஸ்கேன் செய்வான்? கழிவறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டினோம். அப்புறம்தான் புகார் வர ஆரம்பித்தது.

முதலில் வந்ததெல்லாம் அந்தக் கழிவறையைப் பற்றித்தான். தாழ்ப்பாள் சரியில்லை, ராத்திரி ஷிஃப்டில் தண்ணீர் வருவதில்லை. முதலாளி, "இதுக்கா இவ்வளவு செலவு?" என்றார். தாழ்ப்பாளை மறுநாளே மாற்றச் சொன்னேன். சொன்னால் நடக்கிறது என்று தெரிந்த பிறகு, காண்ட்ராக்ட் ஆட்களின் ஓவர்டைம் பணத்தில் ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு கொடுக்கிறார் என்ற புகார் வந்தது. விசாரித்தோம், உண்மை. இப்போது ஓவர்டைம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இதே புகார்ப் படிவத்தில்தான் இந்தச் சேவையின் மிக மோசமான கோளாறும். பெயர் கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் பிரிவு, ஷிஃப்ட், பாலினம் மூன்றையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. எங்கள் இரவு டிஸ்பாட்சில் இருப்பது ஒரே ஒரு பெண். அவள் பெயரைத் தனியாக வேறு கேட்க வேண்டுமா? போதாததற்கு, புது புகார் வந்தால் பொறுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் மெயில் போகும் என்பதுதான் முன்கூட்டியே வைத்திருக்கும் செட்டிங். புகார் யார் மேல் வந்ததோ அவர் அந்தப் பட்டியலில் இருந்தால் அவருக்கும் போகும். நடைமுறைக்கு விடுவதற்கு முன் சோதனைப் புகார் ஒன்று போட்டுப் பார்த்ததால் கண்ணில் பட்டது. பலமுறை எழுதிய பிறகு அந்த மூன்று பெட்டிகளையும் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். எங்கள் கணக்கில் மட்டும். மற்றவர்களுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஓட்டை: தொல்லை கொடுத்தவர் யார் என்ற இடத்தில் ஊழியர் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தது சரக்கு எடுக்க வந்த வெளி வண்டிக்காரர். அவரை எந்தப் பட்டியலில் தேடுவது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையும் துன்புறுத்தலும் பற்றியது. பயிற்சியில் இருப்பவர், வேலைக்கு விண்ணப்பித்து வந்தவர், வேலை போனவர் வரைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் மாதிரி வெளியாட்களால் வருவதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதைப் படித்தவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தப் படிவத்தை இப்படிப் போட்டிருக்க மாட்டார். இப்போதைக்கு 'மற்றவை'யில் எழுதுகிறோம்.

விபத்துப் பதிவுக்கு வருகிறேன். 'காரணம்' என்ற இடத்தில் சொடுக்கினால் ஒரு பட்டியல் விழும். அதில் முதல் வரி: ஊழியர் கவனக்குறைவு. அவசரத்தில் இருக்கிற சூப்பர்வைசர் எதைத் தொடுவார்? அதைத்தான். மாதக் கடைசியில் ஒரு வண்ணப்படம் வரும், விபத்துகளில் பெரும்பங்கு கவனக்குறைவு என்று. அதற்குப் பரிந்துரையாக ஒரு பயிற்சி வீடியோ. அதற்குத் தனிக் கட்டணம்.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். ஹெர்பர்ட் ஹெயின்ரிச் என்ற காப்பீட்டு நிறுவன ஊழியர் 1931-இல், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் வருபவை என்று எழுதினார். அவர் பார்த்தது காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை அறிக்கைகளும். கோப்பில் யார் மேல் பழி எழுதியிருக்கும் என்று வேலை பார்த்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எண்ணைப் பின்னால் வந்த பாதுகாப்பு நிபுணர்கள் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அது டிராப்-டவுனில் முதல் வரியாக இன்னும் உயிரோடிருக்கிறது.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உரசப்பட்டவர் காலையில் பஞ்ச் வைக்கப் போய்க்கொண்டிருந்தவர். பஞ்சிங் மெஷின் குடோனுக்குள், கடைசி ராக்குக்கு அப்பால் சுவரில் இருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் எல்லோரும் ஃபோர்க்லிஃப்ட் பாதையைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். ராக் உயரத்துக்கு ஓட்டுகிறவருக்கு ஆள் தெரியாது. சூப்பர்வைசர் பதிந்தது: ஊழியர் கவனக்குறைவு. ஆலோசகர் போய் அந்த மெஷினைப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டி வாசல் பக்கம் மாட்டுங்க" என்றார். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மதியம் வேலை. இப்போது நடந்து வருகிறவர் யாரும் அந்தப் பாதையை மிதிப்பதே இல்லை. பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறொன்றாக மாற்ற முடியுமா, தடுப்பு போட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் விதி, பயிற்சி, எச்சரிக்கைப் பலகைக்கு வர வேண்டும். ஹெல்மெட், பளபளப்பு ஜாக்கெட் எல்லாம் கடைசி. ஆலோசகர் மேலிருந்து கீழே வந்தார். அவர் கம்பெனியின் மென்பொருளோ கீழிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே கம்பெனி விற்கிறது என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

பயிற்சி வீடியோக்களைப் பற்றி ஒரு வரி போதும்: 'அடுத்து' பட்டனை அழுத்தக் கற்றுக்கொடுக்கின்றன.

பின்புல விசாரணை தனிக் கட்டணச் சேவை. வேகம் பரவாயில்லை. ஒரு டிரைவருக்கு வழக்கு இருக்கிறது என்று சிவப்பாக வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பெயர்தான் ஒன்று, பிறந்த தேதி வேறு. அவரையே கூப்பிட்டுக் காட்டியதும் விஷயம் தெளிந்தது. காட்டச் சொல்லி அந்தச் சேவையில் எங்கும் ஒரு கட்டம் கிடையாது. சிவப்பு வந்தால் 'நிராகரி' என்ற பட்டன் மட்டும் பெரிதாக இருக்கிறது. அவர் இப்போது எங்கள் வண்டி ஓட்டுகிறார்.

இப்போது அந்த வட்டங்கள். சேர்ந்த புதிதில் டேஷ்போர்டைத் திறந்தால், சிவப்பில் முதலில் நின்றது யார் தெரியுமா? பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா. பல வருஷமாக இருக்கிறார், அவர் கட்டிய பெட்டி உடைந்து திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஏன் சிவப்பு என்று கேட்டு ஹெல்ப்லைனில் டிக்கெட் போட்டேன். அது தங்கள் அல்காரிதம், விவரம் தர இயலாது என்று பதில். விடாமல் நச்சரித்ததில், எதையெதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. திடீர் லீவு, தாமதமாக வருவது, சம்பள முன்பணம் கேட்டது, ஹெச்ஆரிடம் கொடுத்த புகார்கள். அந்த அக்காவின் கணவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. முன்பணம் கேட்டார், லீவு எடுத்தார். அதற்கு முன்பு ஷிஃப்ட் பற்றித் தன் பெயர் போட்டே ஒரு புகார் தந்திருந்தார். கஷ்டத்தில் இருந்ததற்கும் வாயைத் திறந்ததற்கும் சேர்த்து மார்க்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கையால் புகார் கொடுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறோம். இன்னொரு கை, புகார் கொடுத்தவரை ஆபத்தானவர் என்று குறித்து அவருடைய மேலதிகாரியின் திரையில் காட்டுகிறது. புகார் தந்தவரைப் பழிவாங்காதே என்று எல்லாப் பாலிசியிலும் எழுதி வைத்துவிட்டு, அந்தப் பழிவாங்கலை இயந்திரத்திடம் ஒப்படைத்த மாதிரி.

எதிர்ப்பக்கமும் கோணல்தான். எங்கள் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் ராத்திரி பகல் பாராமல் கிடப்பவர். அவர் வட்டம் பளிச்சென்று பச்சை, பக்கத்தில் 'ஈடுபாடு அதிகம்' என்று பாராட்டு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்று வந்தது. இடரை அளக்கிறேன் என்று சொல்லும் ஒரு கருவி, உண்மையாகவே இடரில் இருக்கிற மனிதருக்குப் பச்சை போடுகிறது. அவரை லீவில் அனுப்ப நான் போட்ட சண்டையில் முதலாளி அந்தப் பச்சை வட்டத்தைத்தான் எனக்கு எதிராகக் காட்டினார்.

அணைக்கச் சொன்னோம். செட்டிங்கில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் வட்டம் திரையில் மறைகிறது, பின்னால் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டை எக்ஸலில் இறக்கியபோது மார்க்குக்கான நெடுவரிசை அப்படியே இருந்ததால் தெரிந்தது. கணக்கிடுவதையே நிறுத்த வேண்டும், பழைய மார்க்குகளை அழிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ரினீவல் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். முதலாளியை மசிய வைத்தது நீதி நியாயப் பேச்சு இல்லை. வக்கீல் சொன்னது: "நாளைக்கு ஒருத்தரை நீக்கிட்டு அவர் கோர்ட்டுக்குப் போனா, இந்த மார்க் எப்படி வந்துச்சுன்னு உங்களால விளக்க முடியுமா சார்?"

முகத்தைப் பார்த்து ஊழியரின் மனநிலையைச் சொல்லும் கேமரா ஒன்றையும் கூடுதலாக விற்கப் பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், பணியிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை. ஆள் எடுப்பதிலும் ஊழியரை மதிப்பிடுவதிலும் பயன்படும் கருவிகள் 'உயர் ஆபத்து' வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் எந்த நாட்டில் இருந்தாலும், அங்கே தடை செய்ததை இங்கே தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

ஹெல்ப்லைன் பற்றி: பதில் வரும், ஆனால் முதல் பதில் எப்போதும் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த ஒன்று. இரண்டாவது தடவை கேட்டால்தான் மனிதர் வருவார். ஒப்பந்தத்தில் தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து சிறிய எழுத்தில் இருக்கும், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியேறினால் தரவை எந்த வடிவத்தில் தருவார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. புகார்களின் உரையாடல் மட்டும் தர மாட்டார்களாம்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். ஆலோசகருக்கு மட்டும் என்றால் நாலரை, மார்க் போடும் பகுதிக்குப் பூஜ்யம். சின்ன கம்பெனி என்றால் ஆலோசகரை மட்டும் தனியாகக் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். எங்களிடம் முதலில் முடியாது என்றார்கள், பிறகு வேறொருவருக்கு அப்படிச் செய்து கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

டெமோவுக்கு யாராவது வந்தால் வட்டங்களைப் பார்க்காதீர்கள். விபத்துப் படிவத்தைத் திறக்கச் சொல்லி, காரணப் பட்டியலில் முதல் வரி என்ன என்று படியுங்கள். சோதனைப் புகார் ஒன்றை அங்கேயே போட்டு, மெயில் யார் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். மார்க் இருந்தால், புகார் கொடுத்த ஊழியரின் மார்க் ஏறுமா என்று நேராகக் கேளுங்கள். "அதை டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றால், அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.